டூத்பேஸ்ட் தடவின மூணாவது சிடி: பழைய ஆர்பிஜி நாட்குறிப்பு

ஜூன் 1, 2024, சனி

ஆஃபர்ல வாங்கி வாங்கி கம்ப்யூட்டர் கேம் லைப்ரரில மொத்தம் 31 கேம் கெடக்கு, இன்னிக்குதான் உக்காந்து எண்ணிப் பாத்தேன். அதுல 19 ஆர்பிஜி, அதாவது ஒரு கதாபாத்திரமா மாறி கதைக்குள்ள ஆடுற கேம். முக்காவாசி இன்ஸ்டால் கூட பண்ணல. 90 ரூவா 120 ரூவான்னு போட்டா கை சும்மா இருக்க மாட்டேங்குது, ஆடித் தள்ளுபடில சேலை எடுக்குற மாதிரிதான், கட்டுறமோ இல்லையோ பீரோல இருக்குன்னு ஒரு நிம்மதி.

சரி, 2005க்கு முன்னாடி வந்தது மட்டும், ஆறு கேம். பால்டர்ஸ் கேட், ஃபால்அவுட், க்ரோனோ ட்ரிகர், மாரோவிண்ட், பிளேன்ஸ்கேப் டார்மென்ட், வாம்பயர் பிளட்லைன்ஸ். இத முடிக்காம புதுசு ஒண்ணும் வாங்குறதில்ல. எழுதி வெச்சா மானத்துக்காவது முடிப்பேன்னு இந்த டைரி.

முதல்ல பால்டர்ஸ் கேட். 1998ல வந்தது, பயோவேர் பண்ணது. அதோட எனக்குப் பழைய பகை இருக்கு. 2002ல அண்ணன் பத்தாவது பாஸ் பண்ணதுக்கு அப்பா பென்டியம் 3 வாங்கிக் குடுத்தாரு, படிக்கத்தான்னு சொல்லி. அண்ணன் எங்கிருந்தோ அஞ்சு சிடி கொண்டுவந்தான், பிளாஸ்டிக் கவர்ல, மார்க்கர்ல 1 2 3 4 5ன்னு எழுதினது. டப்பா கெடையாது, புக்கு கெடையாது. மூணாவது சிடில கீறல். டூத்பேஸ்ட் தடவித் தொடச்சா ஓடும்னு எவனோ சொல்லி எங்க வீட்டு டூத்பேஸ்ட் பாதி அதுக்கே போச்சு. எனக்கு அப்ப 12 வயசு, பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து மவுச எப்ப தருவான்னு பாத்துட்டே இருப்பேன். ஒரு கட்டத்துக்கு மேல மூணாவது சிடி கேக்கும், போட்டா டிரைவ் கர்ர்ருன்னு கத்தும், அவ்ளோதான்.

ஜூன் 2, ஞாயிறு

செத்தேன். சின்ன வயசுல செத்த அதே எடத்துல.

கேண்டில்கீப்ல ஆரம்பிச்சு, வளர்த்த அப்பா கோரியன் மொத ராத்திரியே செத்துப்போறாரு, ஃப்ரெண்ட்லி ஆர்ம் சத்திரத்துக்குப் போ, அங்க காலிட், ஜஹீரான்னு ரெண்டு பேரு இருப்பாங்கன்னு சொல்லி வெச்சிருப்பாரு. போனா சத்திரத்துப் படில டார்னெஷ்னு ஒருத்தன் நிப்பான். நல்லாத்தான் பேசுவான், யாரத் தேடி வந்தேன்னு விசாரிப்பான், அடுத்த செகண்ட் தன்ன மாதிரியே நாலஞ்சு உருவத்த நிக்க வெச்சு, நம்ம ஆளுங்க மேல பயமுறுத்துற மந்திரம் போட்டு, அவனவன் திசைக்கு ஒருத்தனா தெறிச்சு ஓடுவான். நான் எடுத்த ஆளு மேஜ், அதாவது மந்திரவாதி, அவனுக்கு உயிர் நாலு பாயின்ட். நாலு. பூனை பிராண்டினா கூடப் போயிரும்.

ஆறு தடவ லோட் பண்ணேன். 22 வருஷம் கழிச்சும் அதே படில அதே சாவு. அண்ணனுக்கு வாட்ஸ்அப்ல போட்டேன், சிரிச்சிட்டு "நீ இன்னும் அந்தப் படிய தாண்டலையா பாப்பா"ன்னு வாய்ஸ் நோட் அனுப்பறான்.

ஜூன் 8, சனி

இப்ப வாங்கினா கேமோட மேனுவல் பிடிஎஃப்பா கூடவே வருது. இந்த வாரம் ஆபீஸ் போற பஸ்ல போன்லயே படிச்சேன். தலையெழுத்தே மாறிருச்சு.

தாக்கோன்னு ஒரு நம்பர் இருக்கும் கேம்ல, நம்ம அடி எதிரி மேல படுமான்னு கணக்கு போடுறதுக்கு. சின்ன வயசுல நாங்க அது அதிகமா இருந்தா நல்லதுன்னு நெனச்சோம், கவசத்தோட நம்பரும் அப்படித்தான்னு நெனச்சோம். ரெண்டுமே தலைகீழ்! கவச நம்பர் சும்மா நிக்கறவனுக்கு 10, நல்ல இரும்புக் கவசம் போட்டா 3, இன்னும் நல்லா இருந்தா மைனஸ்ல போகும், மைனஸ் ஆக ஆக நல்லது. என் தாக்கோ 20, எதிரி கவசம் 5ன்னா 20ல 5 கழிச்சா 15. இருபது முகம் இருக்குற தாயக்கட்டைய உருட்டுற மாதிரி, 15லேருந்து 20 வரைக்கும் விழுந்தாத்தான் அடி படும். இருபதுல ஆறு. நூத்துக்கு 30. அதான் மொத லெவல்ல வாள் வீசி வீசிக் காத்த வெட்டிட்டே இருந்தோம்.

ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கறதால எனக்கு இது ஒரு நாள்ல புரிஞ்சுது. பாஸ்புக்ல க்ரெடிட்னா சந்தோஷம், அதே பணம் நம்ம புக்ல டெபிட்ல உக்காரும், புதுசா சேர்ற பசங்க மூணு மாசம் இதுல முழிப்பாங்க. அதே முழிப்பு.

இன்னொண்ணு, இமோயென்னு கூடவே வர்ற பொண்ணு கைல ஆரம்பத்துலயே ஒரு மந்திரக்கோல் இருக்கு. அத பைலேருந்து எடுத்து கீழ இருக்குற குயிக் ஸ்லாட்ல வெச்சாத்தான் வேலை செய்யும். நாங்க அத குச்சின்னு நெனச்சு கடையில வித்துட்டோம்.

இன்னிக்கு அந்தக் கோலால டார்னெஷ அடிச்சேன், உருவமெல்லாம் ஒண்ணொண்ணா கரைஞ்சு ஆள் விழுந்தான். அவன் பைல ஒரு சீட்டு, என் தலைக்கு 200 தங்கக் காசு. விலை கம்மியா இருக்கேன்னு கொஞ்சம் வருத்தம்.

ஜூன் 11

ஜிஎஸ்டிஆர் 1, மாச விற்பனைக் கணக்கு ரிட்டர்ன், கடைசி நாள். விளையாடல. ஒரு கிளையன்ட் ராத்திரி ஒம்போதரைக்கு பில்லு ஃபோட்டோ எடுத்து அனுப்பறாரு, அதுவும் சாஞ்சு.

ஜூன் 16, ஞாயிறு

இத எழுதியே ஆகணும்.

2002ல எங்களுக்கு அந்த கேம்ல ஒரு வியாதி இருந்துச்சு. சண்டை நடுவுல வாள் படக்குன்னு உடையும். புது வாள் வாங்குவோம், அதுவும் உடையும். அண்ணன் ரொம்ப யோசிச்சு, சிடில வைரஸ் இருக்குன்னு முடிவு பண்ணி, கம்ப்யூட்டர மொத்தமா ஃபார்மட் பண்ணி விண்டோஸ் மறுபடி போட்டான். அப்பா யூனியன் வேலைக்காக ஒரு வருஷமா டைப் பண்ணி வெச்சிருந்த லெட்டரெல்லாம் அதோட போச்சு. மறுபடி கேம் போட்டா மறுபடியும் வாள் உடைஞ்சுது.

இன்னிக்கு நாஷ்கெல் சுரங்கம் போனேன். போற வழியில ஊர்ல எல்லாரும் அதத்தான் பேசறாங்க, சத்திரத்துக்காரன், காவல்காரன், எல்லாரும். இந்தப் பக்கம் வர்ற இரும்பே கெட்டுப்போச்சு, கருவியெல்லாம் கைலயே உடையுதுன்னு. சுரங்கத்துக்குள்ள கோபோல்டுன்னு குட்டிப் பூதங்க தாதுல என்னமோ ஊத்திக் கெடுத்துட்டு இருக்குங்க. அதான் கதையே! மந்திரம் ஏத்தின ஆயுதம் மட்டும் உடையாது. நாங்க டயலாக்க பூரா கிளிக் கிளிக்னு தள்ளிட்டு சண்டைக்கு ஓடினதுல கதைய வைரஸ்னு நெனச்சிருக்கோம்.

உடனே அண்ணனுக்கு ஃபோன்.

"அண்ணா, அது வைரஸ் இல்ல. கேம்லயே இரும்பு கெட்டுப்போயிருக்கு."

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. "அப்ப நான் ஃபார்மட் பண்ணது?"

"வேஸ்ட்."

"அப்பாட்ட சொல்லிராத பாப்பா."

ஜூன் 29, சனி

முடிச்சாச்சு. நகரத்துக்கு அடியில புதைஞ்சு கெடக்குற கோயில்ல வில்லன் சரெவோக் கதை முடிஞ்சுது. கடைசி சண்டைல தரை பூரா பொறி, அத பாக்காம ஓடி நாலு தடவ செத்தேன், அப்புறம் இமோயெனை முன்னாடி அனுப்பி ஒண்ணொண்ணா எடுக்கச் சொல்லிட்டு, பிராணிகளை வரவழைக்கிற கோலை வெச்சு கூட்டம் சேத்து ஜெயிச்சேன். நேர்மையான வெற்றின்னு சொல்ல மாட்டேன்.

கூட சேர்ற மின்ஸ்க்ங்கற வீரன் பத்தி ஒரு வரி. கைல எலி மாதிரி ஒரு ஹாம்ஸ்டர் வெச்சுட்டு அதுகிட்டயே யோசனை கேப்பான், அவன் காவலா இருந்த டைனஹீர்ங்கற பொண்ண நோல்ங்கற பூதங்களோட கோட்டைலேருந்து காப்பாத்தணும்னு கெஞ்சுவான், நாம அப்புறம் பாத்துக்கலாம்னு ஊர் சுத்தினா அவன் பொறுமை போயிரும். இப்ப வர்ற கேம்ல உலகம் அழியப்போகுதுன்னு சொல்லிட்டு நாம மீன் புடிச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருக்கும். இதுல காத்திருக்கல, எனக்கு அது புடிச்சுது.

ஜூலை 7, ஞாயிறு

ஃபால்அவுட், 1997. அணுகுண்டு போட்டு உலகம் முடிஞ்சப்புறம் பூமிக்கடியில ஒரு பதுங்கு குழி, வால்ட் 13. தண்ணி சுத்தம் பண்ற சிப்பு கெட்டுப்போச்சு, 150 நாள்ல வேற கொண்டு வரணும். மேப்ல ஒரு ஊர்லேருந்து இன்னொரு ஊருக்கு நடந்தாலே நாள் கணக்குல போயிருது. ஃபைலிங் தேதி மாதிரி தலைக்கு மேல எண்ணிக்கிட்டே இருக்கு, லீவுலயும் இதே பொழப்பா.

இந்தத் தடவ மேனுவல மொதல்லயே படிச்சேன். என்ன மேனுவல்யா அது. வால்ட்ல இருக்கறவங்களுக்குக் குடுக்குற கையேடு மாதிரியே எழுதிருக்காங்க, கடைசியில சமையல் குறிப்பு வேற.

ஆனா படிச்சும் ஒரு தப்பு பண்ணேன். அடிதடிதானேன்னு பலத்த 10 வெச்சு, புத்திய 3க்கு இறக்கிட்டேன். வெளிய வந்து யார்கிட்ட பேசப் போனாலும் என் ஆளு "ம்ம்", "ஹ்ஹ்"ங்கறான். எதிர்ல இருக்கறவங்க பாவமா பாத்துட்டு அனுப்பிடறாங்க. புத்தி 4க்கு கீழ போனா பேச்சே வராதாம். ஒரு மணி நேரம் அப்படியே ஓட்டினேன், சிரிச்சு வயித்து வலி, ஆனா சிப்பு எங்கன்னு ஒருத்தன்கிட்டயும் கேக்க முடியல. மறுபடி மொதல்லேருந்து.

ஜூலை 13, சனி

ஷேடி சாண்ட்ஸ்ல இயன்னு ஒருத்தன கூலிக்கு சேத்துக்கிட்டேன். நல்லவன்தான். ஆனா அவன் கைல எஸ்எம்ஜின்னு சரமா சுடுற துப்பாக்கிய குடுத்தது என் தப்பு, எதிரி எனக்கு முன்னாடி நிக்கறான், இயன் எனக்குப் பின்னாடி நிக்கறான், சடசடன்னு ஒரு பர்ஸ்ட், எதிரி நல்லா இருக்கான், நான் காலி. இனிமே அவனுக்கு பிஸ்டல்தான்.

ஹப்ங்கற ஊர்ல தண்ணி வியாபாரிங்களுக்கு 2000 காசு குடுத்தா வால்டுக்கு தண்ணி அனுப்புவாங்க, 100 நாள் கூடக் கெடைக்கும். லேட் ஃபீ கட்டி அவகாசம் வாங்குற மாதிரி. நான் கட்டல, 131வது நாள் சிப்போட வந்து நின்னேன். அதுக்கப்புறம்தான் பாதிக் கதை இன்னும் பாக்கின்னு தெரிஞ்சுது.

ஜூலை 21, ஞாயிறு

ஃபால்அவுட் கடைசிக் கட்டத்துல நிக்குது, நடுவுல பஸ்ல போன்ல க்ரோனோ ட்ரிகர். 1995, ஜப்பான் கேம், ஆளுங்க படம் வரைஞ்சது டோரியாமான்னு ஜப்பான் காமிக்ஸ் ஓவியர். லேசா இருக்கும்னு ஆரம்பிச்சேன்.

ஆரம்பத்துல ஒரு திருவிழா. சுத்தி வர்றப்ப ஒரு பொண்ணு மேல மோதிடுவோம், அவ கீழ விழுவா, கழுத்துல இருந்த பதக்கம் தனியா தெறிச்சு விழும். நான் நேரா போய் பதக்கத்த எடுத்தேன். ஆர்பிஜி ஆடறவங்க கை அப்படித்தான், மின்னினா எடு. பக்கத்து மேசைல ஒரு தாத்தாவோட சாப்பாடு இருந்துச்சு, அதையும் தின்னுட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு கோர்ட் சீன். அந்தப் பொண்ணு இளவரசி, நான் கடத்திட்டேன்னு கேஸ். சாட்சி யாருன்னா அந்தத் தாத்தா! "என் சாப்பாட்ட தின்னவன் இவன்தான்." அப்புறம், அவ விழுந்து கெடந்தப்ப நீ மொதல்ல எங்க போன, அவகிட்டயா பதக்கத்துகிட்டயான்னு கேள்வி. பஸ்ல நின்னுட்டே வாயப் பொத்திக்கிட்டேன், பக்கத்துல இருந்த அக்கா என்னம்மா ஆச்சுன்னு கேட்டாங்க, என்னத்தச் சொல்ல. இத்தனை வருஷமா கேம்ல அடுத்தவன் வீட்டுக்குள்ள பூந்து பானைய உருட்டிருக்கேன், ஒருத்தன் கூட கேட்டதில்ல.

வயித்தெரிச்சல் என்னன்னா நல்லபடியா நடந்து, குத்தமில்லைன்னு தீர்ப்பு வாங்கினாலும் ஜெயில்தான். மந்திரி தூக்கி உள்ள போட்டுருவான்.

ஜூலை 31

ஐடி ரிட்டர்ன் கடைசி நாள். சாப்பிடவே இல்ல, இதுல கேமாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஃபால்அவுட் முடிஞ்சுது. முடிவுல பண்ணின உபகாரத்துக்கு நமக்குக் குடுக்குற மரியாதைய பாத்து மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு, என்னன்னு சொல்ல மாட்டேன்.

மாரோவிண்ட் ஆரம்பிச்சேன், 2002. அம்புக்குறி கெடையாது, எங்க போகணும்னு வாய்வழியாத்தான். ஊருக்குத் தெற்க போ, பாலம் தாண்டு, கோட்டை வரும், அதத் தாண்டி இன்னொரு பழைய பாலம். நம்ம ஊர்ல டீக்கடை தாண்டி வேப்பமரத்துல சோத்தாங்கை பக்கம்னு சொல்ற மாதிரியே. நோட்ல எழுதிக்கிட்டேன்.

மொத ஊர தாண்டினதும் வானத்துலேருந்து அலறிக்கிட்டே ஒருத்தன் பொத்துனு விழுந்து செத்தான். அவன் பைல மூணு சுருள். படிச்சா தாவுற திறமை 1000 ஏறும், ஏழு செகண்டுக்கு மட்டும். ஏறுறதுக்குப் போதும், எறங்குறதுக்குள்ள மந்திரம் தீந்துரும், அவனும் அப்படித்தான் செத்திருக்கான். தரை வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி ரெண்டாவது சுருளப் படிச்சா பொழைக்கலாம். எனக்கு மெனு தொறக்க லேட் ஆயிருச்சு, அவனுக்குத் துணையாப் போய் சேந்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ரெண்டரை மணி நேரம். ஒரு பெட்டிக்கு. ஆர்க்ங்தாண்ட்னு ஒரு இடிஞ்ச கோட்டை, அங்க டுவெமர்ங்கற பழைய இனத்தோட புதிர்ப் பெட்டி இருக்கு, எடுத்துட்டு வான்னு வேலை. கதவே தொறக்கல, பக்கத்துல ஒரு குழாய்ல இருக்குற கைப்பிடிய திருகணும்னு கண்டுபிடிக்க அரை மணி. உள்ள போய் எல்லாத்தையும் கொன்னு, எல்லா ரூமும் சுத்தி, மறுபடி சுத்தி, கடைசியில ஒரு சின்ன ரூம் அலமாரித் தட்டுல, தீப்பெட்டி சைஸ்ல, சுவத்து கலர்லயே உக்காந்திருக்கு. எங்கம்மா மூக்குக்கண்ணாடிய தேடுற மாதிரி நாலு தடவ அது முன்னாடியே நடந்திருக்கேன்.

நண்டுகிட்ட அடி வாங்குறதும் நிக்கல. வாள் அது மேல படுற மாதிரி தெரியுது, ஆனா உள்ள தாயம்தான் உருளுது, ஓடி ஓடி களைப்பு பட்டையக் காலி பண்ணிட்டு வீசினா குறி விழவே விழாது. நின்னு மூச்சு வாங்கிட்டு அடிக்கணும். இதையும் மேனுவல்ல போட்டிருக்கான்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அண்ணனும் பால்டர்ஸ் கேட் வாங்கிட்டானாம். மேனுவல் படிச்சியான்னு கேட்டேன், "அதெல்லாம் எதுக்கு, எனக்குத் தெரியாததா"ங்கறான். இப்ப படில செத்துட்டு இருக்கான், நாலாவது தடவ. மந்திரக்கோல் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

மாரோவிண்ட் இன்னும் ரொம்ப தூரம் இருக்கு, அது பாட்டுக்கு ஓடட்டும். பிளேன்ஸ்கேப் இன்ஸ்டால் ஆயிட்டிருக்கு, பிணவறைல கண்ணு முழிக்கிற ஆளு, செத்தாலும் மறுபடி எழுந்துருவான், பூரா படிக்கிற வேலைதான்னு சொல்றாங்க. மேனுவல ஆபீஸ் பிரிண்டர்ல எடுத்துக்கலாம்னு பாத்தா டோனர் தீந்துருச்சு, 20ந் தேதி ஜிஎஸ்டிஆர் 3பி ரிட்டர்ன் முடிஞ்சாத்தான் புதுசு வாங்குவாராம் சார்.