நிலவில் எந்த இடத்தை, எந்த வெயிலில்

நிலவைச் சுற்றும் கேமராவுக்கு இடம் தேர்ந்து கொடுப்பது என் வேலை என்று சொன்னால், கேட்பவர்கள் ஒரு பெரிய வரைபடத்தையும் அதில் குத்திய ஊசிகளையும் மனதில் போட்டுக்கொள்கிறார்கள். ஊசி குத்துவது இந்த வேலையில் மிகச் சிறிய பங்கு. அந்த இடத்துக்கு மேலே விண்கலம் எப்போது வரும், அப்போது சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கும், நிழல் எந்தப் பக்கம் விழும் என்பதிலேயே நாளின் பெரும்பகுதி போய்விடும்.

நான் சொல்வது நாசாவின் எல்.ஆர்.ஓ. (லூனார் ரெக்கனைசன்ஸ் ஆர்பிட்டர்) விண்கலத்தைப் பற்றி. 2009 ஜூன் 18 அன்று புறப்பட்டு, ஐந்தே நாளில் நிலவின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தது. ஓராண்டு ஆய்வுப் பணி என்று கணக்கிட்டு அனுப்பிய கலம், பதினைந்து ஆண்டுகளைத் தாண்டியும் உழைக்கிறது. அதன் கேமராக்களை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகக் குழு டெம்பி நகரிலிருந்து நீண்ட காலம் இயக்கியது. அங்கே படத்திட்டம் போடும் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன்.

மொத்தம் மூன்று கேமராக்கள். ஒன்று அகலமான பரப்பைப் பார்ப்பது. அது நிலவு முழுவதையும் மாதாமாதம் வாரிக்கொண்டு வந்துவிடும், அதற்கு இடம் சொல்ல வேண்டியதில்லை. மற்ற இரண்டும் குறுகலாக, கூர்மையாகப் பார்ப்பவை. 50 கி.மீ. உயரத்திலிருந்து அவற்றின் ஒரு பிக்சல் அரை மீட்டர். அப்பல்லோ வீரர்கள் விட்டுவந்த இறங்குகலத்தின் உடல் சுமார் நான்கு மீட்டர் அகலம் என்பதால், படத்தில் அது எட்டு ஒன்பது பிக்சலாகத் தெரியும். இரண்டும் சேர்ந்து எடுக்கும் படம் 5 கி.மீ. அகலமும் சுமார் 25 கி.மீ. நீளமும் உள்ள ஒரு பட்டை. அதை எடுக்கப் பதினாறு விநாடி போதும்.

நிலவின் பரப்பு சுமார் 3.8 கோடி சதுர கி.மீ. விண்கலம் துருவத்திலிருந்து துருவத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று போகிறது. அதற்குள் கீழே நிலவு ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாகத் திரும்பிவிடும். நடுக்கோட்டில் அது 33 கி.மீ. ஆக, அடுத்தடுத்த இரண்டு பட்டைகளுக்கு நடுவே 28 கி.மீ. யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். எதை எடுப்பது என்று முடிவு செய்யும்போதே எதை விடுவது என்பதும் முடிவாகிவிடுகிறது. விட்டதைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் திட்டம் போட்டவருக்கு அது தெரியும்.

முதல் ஆண்டில் எங்களுக்குப் பெரிய தயக்கம் இருக்கவில்லை. கான்ஸ்டலேஷன் திட்டத்துக்காக, அதாவது மனிதரை மறுபடி நிலவுக்கு அனுப்புவதற்காக, நாசா 50 இடங்களைப் பட்டியலிட்டுக் கொடுத்திருந்தது. அங்கேயெல்லாம் இறங்கியே தீரப்போகிறார்கள் என்று பொருளில்லை. தரையின் எல்லா வகைகளுக்கும் மாதிரி இருக்க வேண்டும் என்பதே நோக்கம். அரிஸ்டார்க்கஸ் பீடபூமி, மாரியஸ் குன்றுகள், டைக்கோ பள்ளத்தின் அருகாமை, தென்துருவம், மறுபக்கத்தில் சியோல்கோவ்ஸ்கி, இங்கேனி என்று பட்டியல் நீளும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டங்கள் போட்டிருந்தார்கள். நடுவில் 10 கி.மீ. கட்டம் முழுமையாக வேண்டும். அதற்கு வெளியே 20, அதற்கும் வெளியே 40 கி.மீ. கட்டங்கள் முடிந்தவரை வேண்டும். தாழ்ந்த வெயிலில் ஒன்று, உச்சி வெயிலில் ஒன்று, இரண்டு கோணத்திலிருந்து எடுத்த ஜோடிப் படம் ஒன்று.

2010-இல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. யாருக்காக எடுத்தோமோ அவர்கள் போய்விட்டார்கள், படங்கள் நின்றன. காம்ப்டன்-பெல்கோவிச் என்ற மறுபக்கத்து இடம் அந்தப் பட்டியலில் ஒன்று. 1998-இல் லூனார் பிராஸ்பெக்டர் விண்கலம் அங்கே தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் அளவுக்கு மிஞ்சி இருப்பதைக் காட்டியிருந்தது, காரணம் புரியவில்லை. கூர்மையான படங்கள் கிடைத்தபின், அது நிலவில் அரிதான, சிலிக்கா மிகுந்த எரிமலைப் பகுதி என்று 2011-இல் கட்டுரையாகவே வந்தது. இறங்குமிடம் தேடுவதற்காக வகுத்த அந்த 50 கட்டங்களை நிலவியல்காரர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். பட்டியல் போட்டவர்கள் ஒரே மாதிரியான சமதளங்களாகப் பொறுக்காமல் பலவகைத் தரையையும் சேர்த்தது எவ்வளவு நல்ல காரியம் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

இனி வெயில் விஷயத்துக்கு வருகிறேன். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவருக்கு முதல் வாரத்தில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒரே இடம்தான், ஒன்று காலை வெயிலில் எடுத்தது, மற்றது மாலை வெயிலில். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, இது பள்ளமா, மேடா?" என்றார். எல்லோருக்கும் நேர்வதுதான் இது. வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் கண் எடுத்துக்கொள்ளும். அது கீழ்ப்பக்கத்திலிருந்து விழுந்தால் பள்ளமெல்லாம் கொப்புளமாகத் தெரியும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினேன். கொப்புளங்கள் ஒரு நொடியில் பள்ளங்களாயின. அன்றே அவருக்கு இந்த வேலையின் பாதி பிடிபட்டுவிட்டது.

சூரியன் தாழ்ந்திருந்தால் நிழல் நீளும். இரண்டு மீட்டர் உயர வரப்புகூடத் துலக்கமாகத் தெரியும். ஆனால் மண்ணின் நிறபேதம் மங்கிவிடும். சூரியன் தலைக்கு மேல் இருந்தால் கதை மாறும்: மேடு பள்ளம் தட்டையாகிப்போகும், புதிதாக வெளிவந்த பாறையும் பழைய மண்ணும் வெள்ளை கறுப்பாகப் பிரிந்து நிற்கும். இனா என்ற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பல்லோ 15 கொண்டுவந்த படங்களில் முதலில் கண்ணில் பட்டது, மூன்று கி.மீ. நீளம்கூட இல்லாத சின்னப் பள்ளம். அதன் தரையிலிருந்து வழவழப்பான திட்டுகள் எழும்பி நிற்கின்றன, நடுவில் கரடுமுரடான தாழ்வான தரை. தாழ்ந்த வெயிலில் எடுத்த படத்தில் திட்டுகளின் விளிம்பு அறுத்துவைத்த மாதிரி தெரியும், எங்கே முடிகின்றன என்று கோடு போட்டுவிடலாம். உச்சி வெயில் படத்தில் அந்த விளிம்புகள் பெரும்பாலும் காணாமல் போகும். அதற்குப் பதில் தாழ்ந்த தரை பளிச்சென்று எழுந்து வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கேள்வி கேட்கவே முடியும். 2014-இல் இதுபோன்ற 70 திட்டுப் பகுதிகளை எங்கள் கேமராப் படங்களில் அடையாளம் கண்டு, சில 10 கோடி ஆண்டுக்கும் குறைந்த வயதுடைய எரிமலைக் குழம்பாக இருக்கலாம் என்று எழுதினார்கள். இல்லை, பழைய குழம்பே நுரைபோல் இறுகியதால் இளமையாகத் தெரிகிறது என்று வேறு சிலர் மறுத்தார்கள். வழக்கு முடியவில்லை. அதனால் இனாவுக்கு இன்னொரு படம் வேண்டும் என்று யாராவது கேட்டால், 'ஏற்கனவே இருக்கிறதே' என்று நான் சொன்னதில்லை. எந்தக் கோணத்தில் வேண்டும் என்றுதான் கேட்பேன்.

கேட்ட கோணம் கேட்ட நாளில் கிடைக்காது. விண்கலத்தின் பாதை விண்வெளியில் ஏறக்குறைய ஒரே திசையில் நிற்கிறது. பூமியும் நிலவும் சூரியனைச் சுற்றும்போது, பாதைக்கும் சூரியனுக்கும் உள்ள கோணம் நாளுக்கு ஒரு டிகிரி நகரும். அதை பீட்டா என்போம். பீட்டா சுழியமாகும் காலத்தில் நடுக்கோட்டுப் பக்கம் எல்லாம் உச்சி வெயில். தொண்ணூறை நெருங்கும்போது விண்கலம் பகலும் இரவும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே பறக்கும், எங்கும் நீள நிழல். குறிப்பிட்ட இடத்துக்குக் குறிப்பிட்ட வெயில் தவறிவிட்டால் பல மாதம் காத்திருக்க வேண்டும்.

இதனால்தான் 2019 செப்டம்பரில் ஊரிலிருந்து வந்த அழைப்புகளுக்கு என்னால் திருப்தியாகப் பதில் சொல்ல முடியவில்லை. சந்திரயான்-2-இன் விக்ரம் இறங்குகலம் செப்டம்பர் 7 அதிகாலை தொடர்பை இழந்திருந்தது. "என்ன மாப்ள, உங்க கேமராவுல தெரியலையா?" என்றார் மாமா. அந்த இடத்துக்கு மேலே நாங்கள் பகலில் போவதே மாதத்துக்கு ஒருமுறைதான் மாமா என்றேன். செப்டம்பர் 17 அன்று போனபோது அங்கே அந்தி. தென்துருவத்துக்குச் சுமார் 600 கி.மீ. தள்ளியுள்ள தரை அது; நிழல்கள் நிலத்தின் பெரும்பகுதியை மூடியிருந்தன. அந்தப் படத் தொகுப்பை நாசா 26 அன்று வெளியிட்டது. அக்டோபர் நடுவில் வெளிச்சம் தேறியது. நவம்பர் 11 அன்று இன்னும் நல்ல வெயில், ஒரு பிக்சல் 0.7 மீட்டர். ஒரே இடம்தான், ஒவ்வொரு மாதமும் அதன் மேலே போகும் நேரம் அந்த இடத்துச் சூரியப் பொழுதுக் கணக்கில் சுமார் இரண்டு மணி நேரம் நகர்ந்துகொண்டே வந்தது, அவ்வளவுதான்.

இதற்குள் சென்னையில் சண்முக சுப்பிரமணியன் என்ற பொறியாளர் செப்டம்பர் படத்தையும் எங்கள் பழைய படங்களையும் ஒப்பிட்டு, முன்பு இல்லாத ஒரு வெண்புள்ளியைச் சொல்லியிருந்தார். பிறகு வந்த படங்கள் அதை உறுதி செய்தன. டிசம்பர் 2 அன்று நாசா அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தது. எனக்கு அதில் மிகப் பெரிதாகப் பட்டது அந்தப் பழைய படங்கள். விக்ரம் விழுவதற்கு முன்னால் அங்கே எந்தப் புள்ளியும் இல்லை என்பதற்குச் சாட்சி அவைதான்.

விண்கலத்தைச் சாய்ப்பது இன்னொரு வேலை. நேர்கீழே இல்லாத இடத்தை எடுக்க முழுக் கலமும் திரும்ப வேண்டும், வழக்கமாக 20 டிகிரி வரை. அப்போது உயரம் அளக்கும் லேசர், வெப்பம் அளக்கும் கருவி எல்லாம் தங்கள் நேர்ப்பார்வையை விட்டுவிட நேரும். அதனால் சாய்வு என்பது மற்ற கருவிக்காரர்களிடம் கேட்டு வாங்குவது. ஜோடிப் படத்துக்குக் கணக்கு அழகாகவே அமைந்திருக்கிறது: அடுத்தடுத்த இரண்டு பாதைகளுக்கு நடுவில் இருக்கும் இடத்தை, ஒருமுறை இந்தப் பக்கமாகவும் மறுமுறை அந்தப் பக்கமாகவும் சுமார் 18 டிகிரி சாய்த்து எடுத்தால் போதும். இரண்டு மணி நேர இடைவெளியில் நிழலும் பெரிதாக மாறாது. அதிலிருந்து மலையின் உயரத்தை மீட்டர் கணக்கில் வாங்கிவிடலாம்.

சாய்வின் அருமையைக் காட்டியவை நிலவின் குழிகள். மாரியஸ் குன்றுகளில் எரிமலைக் குழம்பு ஓடிய தரையில் செங்குத்தான ஒரு குழி இருப்பதை 2009-இல் ஜப்பானின் காகுயா விண்கலப் படங்களிலிருந்து அறிவித்தார்கள். நேர்மேலிருந்து பார்த்தால் அது ஒரு கறுப்பு வட்டம். டிராங்குவிலிட்டாட்டிஸ் சமவெளிக் குழி சுமார் 100 மீட்டர் அகலம், ஆழமும் 100 மீட்டருக்குமேல். அதைச் சாய்ந்து, சூரியன் உள்ளே எட்டும் நேரம் பார்த்து எடுத்தபோது, கூரைக்கு அடியில் தரை உள்நோக்கிப் போவது தெரிந்தது, குறைந்தது இருபது மீட்டருக்கு. சுவரில் அடுக்கடுக்காகக் குழம்புப் படிவங்கள். இப்படி ஒரு படத்துக்கு இடம், சாய்வு, சூரியன், கலம் நான்கும் ஒரே நாளில் ஒத்துவர வேண்டும். வந்த நாளில் மேசையைச் சுற்றி எல்லோரும் கூடிவிடுவோம்.

நான் கூட்டங்களில் விடாமல் வாதாடிய விஷயம் ஒன்று உண்டு: எடுத்த இடத்தையே மறுபடி எடுப்பது. எதிர்ப்பு நியாயமானதுதான். இன்னும் எடுக்காத இடம் கிடக்கையில் எடுத்ததற்கே ஏன் பதினாறு விநாடி என்பார்கள். 2013 மார்ச் 17 அன்று இம்பிரியம் சமவெளியில் ஒரு மின்னலை நாசாவின் மார்ஷல் மையத் தொலைநோக்கி பதிவு செய்தது. விண்கல் ஒன்று மோதியிருந்தது. சொல்லப்பட்ட இடத்தை மே 21 அன்று எடுத்தோம். புதுப் பள்ளம் எதுவும் இல்லை. ஆனால் பழைய படத்தோடு வைத்துப் பார்த்தபோது மெல்லிய கறைகள் வரிசையாகத் தெரிந்தன, எங்கிருந்தோ தெறித்து வந்தவைபோல. அவை சுட்டிய திசையில் ஜூலை 1 அன்று ஒரு பட்டை, ஜூலை 28 அன்று இன்னொன்று. மூன்றாவது படத்தில் அகப்பட்டது: 18 மீட்டர் அகலப் பள்ளம், சுற்றிலும் புது மண். 2012-இல் அதே இடத்தை எடுத்த படத்தில் அங்கே ஒன்றும் இல்லை.

2016-இல் இப்படிப்பட்ட முன்-பின் ஜோடிகள் 14,000-க்கும் மேலானவற்றை அலசி, 222 புதிய பள்ளங்களைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை கணித்திருந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். மேல் மண்ணின் இரண்டு சென்டிமீட்டர் எண்பதாயிரம் ஆண்டுகளில் புரண்டுவிடுகிறது என்றும் கணக்கு வந்தது. முன்பு நினைத்திருந்ததைவிட இது நூறு மடங்குக்கும் மேல் வேகம். நிலவில் வீடு கட்டப்போகிறவர்களுக்கு இது வெறும் ஆர்வக் கணக்கு இல்லை.

ஜோடிக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு படமும் ஏறக்குறைய ஒரே வெயிலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வித்தியாசமெல்லாம் நிழலின் வித்தியாசமாகவே இருக்கும். ஆகவே வாரப் பட்டியலில் புது இடங்களுக்கு நடுவே பழைய இடங்கள் சிலவற்றையும் எழுதிவைப்பேன், பக்கத்தில் முதல் படத்தின் சூரியக் கோணத்தோடு. பாதையும் கோணமும் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்துவரும் நாள் கிடைத்தால் அந்த வாரமே கட்டளையில் ஏற்றிவிடுவோம். கிடைக்காதவை அடுத்த பட்டியலுக்குப் போகும்.