இருபது வரை எண்ணுவாள், இரண்டு எடுக்கத் தெரியாது

"எங்க பாப்பாவுக்கு ஒன், டூ, த்ரீ எல்லாம் தெரியும் டீச்சர். டிவி பார்த்தே கத்துக்கிட்டா." அங்கன்வாடியில் பிள்ளையைச் சேர்க்க வரும் அம்மாக்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பொய்யில்லை. அப்படி வந்த ஒரு மூன்றரை வயதுக்காரி இருபது வரை ராகம் போட்டுச் சொன்னாள். புளியங்கொட்டை டப்பாவை நகர்த்தி, "ரெண்டு எடுத்துக் குடு" என்றேன். கைநிறைய அள்ளிக் கொடுத்தாள். எண்கள் அவளுக்குப் பாட்டாகத்தான் போய்ச் சேர்ந்திருந்தன.

2003இல் அமெரிக்காவில் பாட்ரிசியா குல் குழுவினர் ஒன்பது மாதக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு ஒன்று உண்டு. சீன மொழி பேசுபவர் எதிரில் உட்கார்ந்து விளையாடியபோது, அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் குழந்தைகள் கற்றுக்கொண்டன. அதே ஆட்களை, அதே பேச்சை டிவியில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. டிவி குழந்தையின் முகம் பார்த்துப் பேசாதே!

என்னைக் கேட்டால், குழந்தை பார்க்கும் கார்ட்டூனைவிட யாருமே கவனிக்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவிதான் பெரிய தொல்லை. அது ஓடும்போது பெரியவர்கள் பிள்ளையிடம் பேசுவது குறைந்துவிடுகிறது. பொம்மையோடு உட்கார்ந்த பிள்ளையும் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து, விளையாட்டைப் பாதியில் விடுகிறது.

இரண்டு முதல் நான்கு வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், ஒரு வயதுக்கு அதுவும் கூடாது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. சரி, வேலைக்குப் போய்த் திரும்பி அடுப்படியில் நிற்கிற அம்மா பிள்ளையை வேறெங்கே உட்கார வைப்பாள்? அதனால் டிவியே கூடாது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. சாப்பிடும்போது மட்டும் நிறுத்துங்கள் என்பேன். பேச்சு ரொம்பத் தாமதமாகத் தெரிந்தால், டிவி மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காமல் காதைப் பரிசோதிக்கவும் அனுப்புவேன்.

எங்கள் மையத்தில் ஒரு பையன், வாயாடி. வந்ததும் முந்தின நாள் கதையை ஆரம்பித்துவிடுவான்: யார் அழுதார்கள், ஏன் அழுதார்கள், அடுத்து என்ன ஆகும். அவன் பாட்டி அவனோடு டிவி பார்த்துக்கொண்டே இருக்கும்போது, "அவ ஏன்டா அழுவுறா?" என்று கேட்பாராம், அவன் சொல்லும் பதிலோடு சண்டையும் பிடிப்பாராம். இத்தனைக்கும் அவர்கள் பார்ப்பது ராத்திரி சீரியல்தான்.