முதலில் கால், அப்புறம்தான் சைக்கிள்

எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. மழை, மேம்பாலம், லாரி. அந்தக் கதை அவ்வளவுதான். அதற்குப் பிறகு பாரா சைக்கிளிங், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான சைக்கிள் போட்டி வரைக்கும் எப்படிப் போனாய் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மன உறுதியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அது இருக்கட்டும். என் நேரத்தையும் பணத்தையும் தின்றது சாக்கெட்.

செயற்கைக் காலில், மிச்சக் கால் உள்ளே போய் உட்காரும் பாகம்தான் சாக்கெட். நடப்பதற்கென்று செய்த காலில் அதன் பின்விளிம்பு முழங்கால் மடிப்பு வரை ஏறி நிற்கும். நடையில் முழங்கால் அதிகம் மடங்காது என்பதால் தொந்தரவில்லை. பெடல் மேலே வரும்போது அப்படியில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அந்த விளிம்பு தொடையின் பின்பக்கத் தசைநாண்களில் போய் இடிக்கும், அதுவும் நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு தடவை. வீட்டுக்கு வந்து கழற்றினால் மடிப்பில் சிவப்பாக ஒரு கோடு இருக்கும். சில நாள் தோலே உரிந்திருக்கும். தோல் உரிந்தால் காலை மாட்ட முடியாது, மாட்டாவிட்டால் ஆபீஸும் போக முடியாது.

எனக்குக் கால் செய்து தருகிற அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சைக்கிளையே இங்க கொண்டு வா தம்பி, பாத்துக்கலாம்" என்றார். பட்டறையிலேயே, நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் டிரெய்னரில் சைக்கிளை மாட்டி என்னை ஓட்ட விட்டார். தரையில் உட்கார்ந்து, எங்கே இடிக்கிறதோ அங்கே மார்க்கரால் கோடு போட்டார். கழற்று என்பார், கோடு வரை சீவுவார், ஹீட் கன்னால் சூடு காட்டி விளிம்பை வெளிப்பக்கம் வளைப்பார், மறுபடி ஏறு என்பார். ஒரு மதியம் முழுக்க இதே வேலை. விளிம்பு இறங்கியதும் முழங்கால் தாராளமாக மடங்கியது. ஆனால் அதே காலோடு நடந்தால் பிடிப்பு குறைவு. ஆகவே சைக்கிளுக்கென்று ஒரு கால், நடக்க ஒரு கால் என்று இரண்டு வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால், புதிதாக வருபவர்கள் கார்பன் சைக்கிள் விலையெல்லாம் விசாரிப்பதற்கு முன்னால் இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

மீதியைக் கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் தண்டு, பார்த்துக்கொண்டது. வலது பக்கம் 170 மி.மீ., இடது பக்கம் 150. சின்ன கிராங்க்கில் பெடல் போடும் வட்டமும் சின்னது, அதனால் மேலே வரும்போது முழங்கால் அவ்வளவு மடங்கத் தேவையில்லை. கணுக்கால் இல்லாததால் முன்பாதத்தால் அழுத்திப் பயனில்லை. எனவே ஷூவின் அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளீட்டைப் பாதத்தின் நடுப்பகுதிக்குத் தள்ளி வைத்தோம். இதெல்லாம் செய்தும் இரண்டு காலும் சமமாக உழைக்காது. மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டரில் இடது காலின் பங்கு நூற்றுக்கு நாற்பதைத் தொட்டால் எனக்கு அது நல்ல நாள். ஐம்பதைத் துரத்தாதே என்று பயிற்சியாளர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

கிளீட்டில் இன்னொரு வம்பு உண்டு. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் பெடலிலிருந்து ஷூ விடுபடும். நான் திருப்பினால் சாக்கெட்டுக்குள் மிச்சக் கால்தான் திரும்புமே தவிர ஷூ அசையாது. அதனால் சிக்னலில் வலது காலைத்தான் ஊன்ற வேண்டும். நம் ஊரில் இடது ஓரமாகப் போகிற எல்லோரும் இடது காலை ஊன்றி ஓரத்துப் பக்கம் சாய்ந்து நிற்பார்கள். நான் மட்டும் பஸ் வருகிற பக்கம் சாய்ந்து நிற்பேன். இதற்குத் தீர்வு எதுவும் கிடைக்கவில்லை. விடிவதற்குள் திருவான்மியூரைத் தாண்டிவிடுவதுதான் என் தீர்வு.

கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆரில் அடுத்த எதிரி வியர்வை. கோவளம் வரும்போது, மிச்சக் காலில் உறை மாதிரி மாட்டும் லைனருக்குள் தண்ணீர் கட்டி, கால் சாக்கெட்டில் மேலும் கீழும் வழுக்கத் தொடங்கும். ஓரமாக உட்கார்ந்து காலைக் கழற்றி, லைனரைக் கவிழ்த்து வியர்வையை ஊற்றி, துடைத்து மாட்ட வேண்டும். ஒரு தடவை டீக்கடை அம்மா ஓடி வந்து, "என்னப்பா, கால் கழண்டு போச்சா?" என்று பதறினார். "இல்லம்மா, தண்ணி வடிக்கிறேன்" என்றேன். இப்போதெல்லாம் நான் உட்கார்ந்ததுமே துடைக்கத் துணி எடுத்துத் தந்துவிடுகிறார்.

போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதுதான் கிளாசிஃபிகேஷன், அதாவது பாதிப்பைப் பார்த்து வகுப்பு பிரிப்பது, வருகிறது. சாதாரண சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு சி1 முதல் சி5 வரை வகுப்புகள். எண் குறையக் குறைய பாதிப்பு அதிகம். கையால் ஓட்டும் வண்டிக்கு எச், மூன்று சக்கரத்துக்கு டி, பார்வையற்றவர்கள் துணையாளோடு ஓட்டும் இரட்டை சைக்கிளுக்கு பி. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியாவுக்காக முதன்முறையாக சைக்கிள் ஓட்டிய அர்ஷத் ஷேக், ஜோதி கடேரியா இருவரும் சி2. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லாதவர்கள் வழக்கமாக சி4.

நம் அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் இருக்கும் சதவீதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என் அட்டையில் 60 சதவீதம். அதை நீட்டினேன், ஓரமாக வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது மருத்துவர் நிரப்பிய படிவமும் எக்ஸ்ரேயும். அந்தப் படிவத்தை நிரப்பத்தான் அலைந்தேன். ஒரு மருத்துவமனையில் "ஸ்போர்ட்ஸுக்கா? அதெல்லாம் எங்க வேலை இல்ல" என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் என் பிசியோதெரபிஸ்ட் தனக்குத் தெரிந்த எலும்பு மருத்துவரிடம் கூட்டிப் போனார். பத்து நிமிடத்தில் முடிந்தது.

பரிசோதனையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மருத்துவப் பக்கம், இன்னொருவர் சைக்கிள் பக்கம். மிச்சக் காலின் நீளத்தை டேப் வைத்து அளந்தார்கள். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று கோணமானி வைத்துப் பார்த்தார்கள். கையை வைத்துத் தள்ளு என்று சொல்லி, ஒவ்வொரு தசைக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டார்கள். பிறகு என் சைக்கிளிலேயே ஓட்டச் சொன்னார்கள். இதில் வேண்டுமென்றே பலவீனமாகக் காட்டிக்கொள்வது ஊக்கமருந்து மாதிரிக் குற்றம், தடையே போடுவார்கள். போட்டியின்போதும் நம்மைக் கவனிப்பார்கள். அந்த அறையில் யாரும் பாவம் என்று பார்க்கவில்லை, சபாஷ் என்றும் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

என் முதல் தேசிய அளவிலான போட்டி வடக்கே, டைம் டிரையல். ஒவ்வொருவராக ஒரு நிமிட இடைவெளியில் விடுவார்கள், யார் பின்னாலும் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. புறப்படும் இடத்தில் ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொள்ள, இரண்டு காலையும் மாட்டிக்கொண்டு நிற்கலாம். காலை ஊன்றும் கவலையில்லாமல் சைக்கிளில் நின்றது அதுவே முதல் முறை. அந்தச் சந்தோஷத்தில் முதல் கிலோமீட்டரை நன்றாகத்தான் ஓட்டினேன்.

கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் வருகிற இடம் எனக்கு. நேரத்தைப் பிரித்துப் பார்த்தபோது, நேர்ச்சாலையில் நான் அவ்வளவு மோசமில்லை. யூ-டர்னில்தான் போகிறது. வேகத்தைக் குறைத்துத் திரும்பிய பிறகு மற்றவர்கள் எழுந்து நின்று மிதித்துப் பறந்துவிடுகிறார்கள். நான் எழுந்தால் இடது பக்கம் சாக்கெட்டில் எடை முழுவதும் இறங்கி, கால் தடுமாறுகிறது. உட்கார்ந்தபடியே சின்ன கியரில் வேகம் பிடிக்கச் சொல்லியிருக்கிறார் பயிற்சியாளர். வண்டலூரைத் தாண்டி இன்னும் வீடு எழும்பாத ஒரு லேஅவுட் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நடுரோட்டில் தண்ணீர் பாட்டிலை நிறுத்திவைத்து அதைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருக்கிறேன்.