ரிப்போர்ட்ல கட்டம் இல்லாத வேலை

மாசக் கடைசி வந்தா எனக்கு வயித்தைக் கலக்கும். கிறிஸ்தவ ஊழியக்காரனுக்கு என்ன டென்ஷன்னு கேப்பீங்க, எல்லா ஆபீஸ்லயும் இருக்குற அதே டென்ஷன் தான், ரிப்போர்ட். எத்தனை பேரைச் சந்திச்சீங்க, எத்தனை ஜெபக்கூட்டம், எத்தனை பேர் இயேசுவை ஏத்துக்கிட்டாங்கன்னு கட்டம் கட்டமா ஒரு எக்செல் ஷீட், கடைசில குறிப்புன்னு ஒரு சின்ன இடம். அதை நிரப்பி என்னை அனுப்புன மிஷனுக்கு மெயில் பண்ணணும், அவங்க அதை வச்சு தான் என்னைத் தாங்குற குடும்பங்களுக்கு லெட்டர் போடுவாங்க. ரூம் வாடகை, சாப்பாடு இங்க சிங்கப்பூர்ல உள்ள சபை பாத்துக்கிச்சு, மத்தபடி ஊர்ல ரிட்டையர்டு டீச்சருங்க, கடைக்காரங்க, பாட்டிமாருங்க மாசம் 200, 500ன்னு போட்ட காசு. கோப்பி கடைல உக்காந்தா ஒவ்வொரு மடக்குக்கும் அந்த நினைப்பு கூடவே வரும்.

எங்க ஊர் நாசரேத் பக்கம். தாத்தா உபதேசியார், அப்பா ஸ்கூல் வாத்தியார். எங்க பக்கம் மிஷனரி கதை கேக்காம எந்தப் பிள்ளையும் வளராது. 1820ல பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர், இடையன்குடில ஒரே சர்ச்சுக் கோயிலை 33 வருஷமாக் கட்டுன கால்டுவெல் ஐயர், டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மா. அந்தம்மா 1895ல இந்தியாவுக்கு வந்தவங்க, 1951ல கண்ணை மூடுற வரைக்கும் ஒரு தடவை கூட சொந்த ஊருக்குப் போகல. சண்டே ஸ்கூல்ல இதைச் சொல்லும்போது டீச்சருக்கே தொண்டை அடைக்கும். அப்பேர்ப்பட்ட மண்ணுலேருந்து மாலை மரியாதையோட 2018 ஜூன்ல சிங்கப்பூருக்குக் கிளம்பி வந்த நான், மூணாவது மாசமே தேக்கா மார்க்கெட்ல கருவாட்டு வாசம் அடிச்சதும் ஒரு தூணுக்குப் பின்னாடி போய் நின்னு அழுதேன். அவங்க 55 வருஷம் எங்க, என் மூணு மாசம் எங்க.

வேலை என்னன்னா இங்க கட்டுமானத்துலயும் கப்பல் பட்டறைலயும் வேலை பாக்குற நம்ம பசங்க மத்தியில. சபையில மூத்த ஐயா ஒருத்தர் முதல் வாரமே உக்கார வச்சுச் சொல்லிட்டாரு, தம்பி இது ஊர் இல்ல, இங்க 1990லயே சமய நல்லிணக்கத்துக்குன்னு சட்டம் போட்ட தேசம், அடுத்தவன் சாமியைப் பத்தி ஒரு வார்த்தை வாயிலேருந்து வரக்கூடாது, நோட்டீஸைத் தூக்கிட்டு தெருத்தெருவா நிக்கக்கூடாது, யாராவது கூப்பிட்டா போ, கேட்டா சொல்லு. அப்ப எனக்கு அது கையைக் கட்டிப் போட்ட மாதிரி இருந்துச்சு. இப்ப யோசிச்சா அவரு சொன்னது சட்டத்துக்காக மட்டும் இல்ல.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் தான் கூட்டம். வாரத்துல அவங்களுக்கு இருக்குறது அந்த ஒரு நாள், அதுலயும் துணி துவைக்கணும், தேக்கா போய் வீட்டுக்குக் காசு அனுப்பணும், முஸ்தபா கடைல பிள்ளைக்கு ஏதாவது வாங்கணும், ஓ.டி. கெடச்சா அதுவும் போகணும். மிச்சம் இருக்குற நேரத்துல வந்து என் முன்னாடி உக்காந்து தூங்குவாங்க. நான் ராத்திரி முழுக்க ரெடி பண்ணுன பிரசங்கம், நாலாவது நிமிஷம் முன்வரிசைல கொறட்டை. முதல்ல கோவம் வரும், குரலை ஒசத்திப் பேசுவேன், அதுக்கும் எந்திரிக்க மாட்டாங்க. ஒருநாள் துவாஸ்ல லோரி பின்னாடி உக்காந்து அவங்க வர்ற நேரத்துல போய்ப் பாத்தேன், உக்காந்தபடியே தூங்குறான், தலை பக்கத்துல இருக்குறவன் தோள்ல விழுது, அவனும் தூங்குறான். அதுக்கப்புறம் ஏசி இருக்குற ஹாலா பாத்து கூட்டம் வைங்கன்னு சபையில கேட்டேன். தூங்கட்டும்.

நான் சொல்ல வந்தது ஒரு ராத்திரியைப் பத்தி. ஒரு தம்பி போன் பண்ணி, அண்ணே எங்க ரூம்காரருக்கு கை மாட்டிக்கிச்சு, ஆஸ்பத்திரில இருக்காரு, வாங்கன்னான். அவரு கிறிஸ்தவர் கூட இல்ல, புதுக்கோட்டைப் பக்கம், முன்ன பின்ன பாத்ததில்ல. போனா இடது கை முழுக்கக் கட்டு, ரெண்டு விரல் இல்ல. ஜெபிக்கலாமான்னு கேட்டேன். அதெல்லாம் அப்புறம் பண்ணலாம்ணே, என் வீட்டுக்காரிகிட்ட கொஞ்சம் பேசுங்கன்னாரு. வலது கைல போனை வச்சுக்கிட்டு அரை மணி நேரமா டயல் பண்ண பயந்துக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் பேசுனா அழுதுருவேன், நீங்க சின்ன அடின்னு சொல்லிருங்க, மாசமா இருக்கா.

சொன்னேன். சின்ன அடி தான் தங்கச்சி, தையல் போட்டிருக்காங்க, பத்து நாள்ல வேலைக்குப் போயிருவாருன்னு. இம்மியும் தடுமாறாம பொய் சொன்னேன். பத்துக் கட்டளைய மனப்பாடமா ஒப்பிச்சு பிரைஸ் வாங்குனவன் நான்.

அப்புறம் விடியக்காலம் ரெண்டு மணிக்கு வெளிய வந்து ஒரு கடைல ரெண்டு பரோட்டா, டீ. அவ்வளவு சந்தோஷமா இருந்தேன். ஒருத்தருக்கு விரல் போயிருக்கு, நான் பொய் சொல்லிட்டு வந்திருக்கேன், ஆனா வந்த நாள்லேருந்து அன்னைக்கு தான் நான் எதுக்கு வந்தேனோ அதைச் செஞ்ச மாதிரி இருந்துச்சு. அந்த சந்தோஷத்தை நினைச்சு வெக்கமாவும் இருந்துச்சு. (ஒரு மாசம் கழிச்சு உண்மை தெரிஞ்சு அந்தத் தங்கச்சி எனக்கே போன் போட்டு, பத்து நிமிஷம் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டு, சரிண்ணே, அந்த இன்சூரன்ஸ் காசு பேப்பர் என்னாச்சுன்னு கேட்டுச்சு. அந்தப் பேப்பர் வேலைக்கு நாலு மாசம் அலைஞ்சேன்.) ரிப்போர்ட்ல மருத்துவமனை சந்திப்பு 1ன்னு போட்டேன். மனசு கேக்காம குறிப்புல, கையில அடிபட்ட ஒரு சகோதரனுக்காக ஜெபிக்கவும்னு ஒரு வரி சேத்தேன்.

ஏத்துக்கிட்டவங்க கட்டத்துக்கு வருவோம். அதுல நான் பெருமையா எழுதுன ஆளு ஒரு மன்னார்குடித் தம்பி. கூட்டத்துக்கு விடாம வருவான், நல்லாப் பாடுவான், பாமாலைப் பாட்டுப் புத்தகத்துல பாதி அவனுக்குத் தெரியும். 2020 பிப்ரவரி 7ந்தேதி சாயங்காலம் இங்க கொரோனாவுக்கு ஆரஞ்சு அலர்ட்னு அறிவிச்சாங்க, ஜனங்க அரிசி, மேகி, டிஷ்யூ பேப்பர்னு கடையைத் தொடச்சு எடுத்துக்கிட்டு இருந்தாங்க. மறுநாள் தைப்பூசம். செராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் கூட்டம் போகுது, நான் ஓரமா ரோட்டைக் கடக்க நிக்கேன், அண்ணேன்னு ஒரு சத்தம். மஞ்சள் வேட்டி, தலையில பால்குடம், நம்ம மன்னார்குடி. ஒளியல, கூனிக் குறுகல, பல்லு முழுக்க சிரிப்பு. பக்கத்துல தண்ணிப்பந்தல்காரங்ககிட்ட சொல்லி எனக்கு ஒரு மோர் வாங்கிக் கொடுக்க வச்சுட்டுப் போறான்.

குடிச்சேன், நல்லா இருந்துச்சு. ஆனா அன்னைக்கு ராத்திரி தூக்கம் இல்ல. அவன் மேல கோவமா, என் மேலயா, அந்தக் கட்டத்து மேலயான்னு பிரிச்சுப் பாக்கவே தெரியல. அந்த மாசம் நம்பரைக் குறைச்சு எழுதணுமான்னு லேப்டாப் முன்னாடி ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன், கடைசில தொடாம அப்படியே அனுப்பிட்டேன். அதுவும் ஒரு பொய் தான், ஆஸ்பத்திரில சொன்னது உறுத்தல, இது உறுத்துச்சு.

ஏப்ரல் 7 சர்க்யூட் பிரேக்கர்ங்கிற ஊரடங்கு, மூணே நாள்ல புனித வெள்ளி. பசங்களை எல்லாம் டோம்ல, அதான் தொழிலாளர் விடுதில, பூட்டியாச்சு, நான் ஒரு அடுக்குமாடி வீட்ல வாடகை ரூம்ல. ராத்திரி 10 மணிக்கு மேல போன் வர ஆரம்பிக்கும், 2, 3 மணி வரைக்கும் போகும். ஒரே ரூம்ல 12 பேர் இருக்கோம்ணே, இவனுக்குக் காய்ச்சல்ணே, பாசிட்டிவ்னா வீட்ல சொல்லிறாதீங்கண்ணே. மன்னார்குடியும் கூப்பிட்டான். ஜெபம் பண்ணுங்கண்ணே, முருகனுக்கும் நேர்ந்திருக்கேன், ரெண்டு பக்கமும் சொல்லி வச்சுருவோம். நான் என்னத்தச் சொல்ல, ஜெபிச்சேன், அவன் கடைசில ஆமென்னு சத்தமா சொன்னான், பின்னாடி இன்னும் நாலஞ்சு ஆமென் கேட்டுச்சு, யாரு என்னன்னு தெரியாது.

எல்லாருக்கும் ஜெபிச்சுட்டுப் போனை வச்சா எனக்குன்னு ஒரு வரி வராது. முட்டி போட்டா சுவத்துல உள்ள பல்லியைத் தான் பாத்துக்கிட்டு இருப்பேன். இப்படி ரெண்டு மாசம் ஓடுச்சு. யார்கிட்டயும் சொல்லல, ஊழியக்காரன் அதைச் சொன்னா என்ன நினைப்பாங்கன்னு பயம், இங்க இருக்குறதுக்கான பாஸ் ரினியூவல் வேற நிக்குது. அம்மா ஊர்லேருந்து கூப்பிட்டு, எய்யா, அங்க ஊழியம் நடக்குதா இல்ல சும்மா தான் இருக்கியான்னு கேட்டாங்க. சும்மா தான்மா இருக்கேன்னேன். சாப்பிட்டியான்னாங்க.

2021 கடைசில ஊருக்கு வந்தேன். கோயில்ல சாட்சி சொல்ல பத்து நிமிஷம் கொடுத்தாங்க, சொல்ல வேண்டியதைச் சொன்னேன், பால்குடத்தையும் பல்லியையும் விட்டுட்டேன். வெளிய வந்து செருப்பைத் தேடும்போது, மாசம் 200 ரூபா அனுப்புற பாட்டி ஒருத்தி கையைப் பிடிச்சு நிறுத்துனா.

"எய்யா, அந்தக் கையில அடிபட்ட பையன், வலக்கையா இடக்கையா? நான் பாட்டுக்கு வலக்கைன்னு சொல்லித் தினம் ஜெபிச்சிட்டு வாரேன்."

இடது கை பாட்டின்னேன்.

"அடப் பாவமே, மாத்திச் சொல்லணுமே"ன்னுட்டு நடையைக் கட்டுனா.