கேட்டுவிட்டுத் தொடுவது

நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்பின் முதலாண்டில், எனக்குக் கிடைத்த முதல் நோயாளி பக்கவாதத்தில் வலக்கையும் காலும் விழுந்துபோன ஒரு பெரியவர். பேச்சும் போயிருந்தது. படுக்கையிலேயே அவருக்கு உடல் துடைத்துவிட வேண்டும். வீட்டில் என் தாத்தாவுக்குக்கூட நான் அப்படிச் செய்ததில்லை. போர்வையை விலக்கியதும் அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். என் கை நடுங்கியது.

வார்டிலிருந்த பிரதர், அதாவது ஆண் செவிலியர், அருகில் வந்து, "துடைக்கிற இடத்தை மட்டும் திற, மற்றதை மூடி வை. தொடும் முன் அவரிடம் சொல்" என்றார். சொன்னேன். "ஐயா, இப்போது கையைத் துடைக்கிறேன்", "ஐயா, முதுகுப் பக்கம் திருப்புகிறேன்." சட்டை மாட்டும்போது முதலில் விழுந்த கை, பிறகு நல்ல கை, கழற்றும்போது நல்ல கையிலிருந்து தொடங்க வேண்டும். இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடிகிற இடத்தில் சிவந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன், சிவப்பு மறையவில்லை. படுக்கைப்புண் அப்படித்தான் தொடங்கும். அன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைத்தோம். நான்காம் நாள் நான் வாளியுடன் போனபோது, சொல்வதற்கு முன்பே இடக்கையைத் தூக்கிக் கொடுத்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றேன்.

சீருடையில் நின்றாலும் "தம்பி, நர்ஸைக் கூப்பிடுங்கள்" என்பார்கள். அது சீக்கிரம் பழகிவிட்டது. பழகாமல் போனது பிரசவ வார்டுதான். மாணவிகள் உள்ளே போக, ஆண் மாணவர்களான எங்களைத் திரைக்கு வெளியே நிறுத்தினார்கள். ஒரு தாய் வேண்டாம் என்றால் அது அவர் உரிமை, விலகிவிட வேண்டும். ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே எங்களை நிறுத்துவது தவறு என்று இன்றும் நினைக்கிறேன். பாடத்திட்டம் எங்களுக்கும் ஒன்றுதானே?

பயிற்றுநரிடம் இதைச் சொன்னேன். மறுநாள் அவரே என்னை அழைத்துப்போய்க் கேட்கவைத்தார். முதல் பெண் மறுத்தார். இரண்டாமவர் மாமியாரைப் பார்த்தார். அந்த அம்மா தலையசைத்த பிறகு தானும் சரி என்றார். வயிற்றில் கருவியை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி பிள்ளையின் இதயத்துடிப்பை ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன். 110 முதல் 160 வரை இருக்கலாம்.

"பிள்ளை நன்றாக இருக்கிறதா தம்பி?"

"138 அக்கா. நன்றாக இருக்கிறது."