ஒரு 32-ஆ, இரண்டு 16-ஆ?

சென்னை ரிச்சி தெருக் கணினிக் கடையில் இன்று கல்லூரி மாணவர் ஒருவர் 32 ஜிபி ரேமை (கணினியின் தற்காலிக நினைவகத்தை) ஒரே ஸ்டிக்காகக் கேட்டபோது, "16, 16ஆ ரெண்டு வாங்கிக்கோங்க தம்பி" என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னதே சரி. இரண்டு ஸ்டிக்குகளை உரிய ஸ்லாட்டுகளில் பொருத்தினால்தான் டூயல் சேனல் எனும் இருபாதை முறை இயங்கி, சிபியு எனும் மையச் செயலிக்குத் தரவு செல்லும் பாதையின் அகலம் இரட்டிப்பாகிறது.

மாணவரின் கண்ணோ பெட்டியில் அச்சிட்டிருந்த சிஎல் எண்ணிலேயே நின்றது. கேட்ட தரவைத் தர ரேம் எடுக்கும் தாமதத்தைக் கடிகாரச் சுற்றுகளில் சொல்வது அந்த எண். சிஎல் 30 கொண்ட டிடிஆர்5-6000 (5 என்பது தலைமுறை, 6000 என்பது வேகம்), சிஎல் 16 கொண்ட பழைய டிடிஆர்4-3200 ஆகிய இரண்டுக்குமே அந்தத் தாமதம் 10 நானோவினாடிதான் என்பதால், அவ்வெண்ணை வேகத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

ஏஎம்டியின் ரைசன் 5 7600 செயலியை வாங்குபவருக்கு 6000 வேக ரேம் போதும். மிச்சப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும் (வண்ண விளக்குகளுக்கு அல்ல). கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸில், ரேமை அதன் பெட்டியில் உள்ள வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போவை இயக்காவிட்டால், அதே ரேம் பெரும்பாலும் 4800 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.