நரம்பு தேடும் விரல்

கையில் நரம்பு புடைத்துத் தெரிகிறவர்களுக்கு யார் வேண்டுமானாலும் ரத்தம் எடுத்துவிடலாம். வயதானவர்களுக்கு அப்படி முடியாது. ஊசி பட்டதும் நரம்பு வழுக்கிக்கொண்டு ஓடும். கண்ணால் தேடிப் பயனில்லை. இடது கை ஆள்காட்டி விரலால் மெல்ல அழுத்தி, விரல் அடியில் எது எகிறுகிறது என்று பார்க்க வேண்டும். எட்டு வருடமாகச் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனை லேபில் என் பிழைப்பு அந்த விரலை நம்பித்தான் ஓடுகிறது.

போன அக்டோபரில் ஒரு புதன்கிழமை காலை, வாழப்பாடிப் பக்கமிருந்து சர்க்கரை பார்க்க வந்த ஒரு பாட்டிக்கு இரண்டு முறை குத்தினேன். இரண்டு முறையும் நரம்பு நழுவிவிட்டது. தப்பு அவர் நரம்பில் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் பாக்ஸிங் ஸ்பாரிங்கில், அதாவது இன்னொருவரோடு மோதிப் பழகும் பயிற்சியில், என் இடது ஆள்காட்டி முட்டி வீங்கி, விரல் மரத்துப் போயிருந்தது. க்ளவுஸ் போட்டதும் கொஞ்சநஞ்ச உணர்வும் போய்விட்டது. "பரவால்ல கண்ணு, இதுல பாரு" என்று அவரே சேலையை ஒதுக்கிவிட்டு மறு கையை நீட்டினார். முதல் கையில் பஞ்சுக்கு அடியில் நீலம் கட்ட ஆரம்பித்திருந்தது. சீனியர் அக்காவைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டேன்.

சைக்கிளா பாக்ஸிங்கா என்று அதுவரை எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கில் வேலையை நான் சேர்க்கவே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

சைக்கிள் எனக்கு நான்கு வருடப் பழக்கம். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம்; அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு. ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். என் எடையும் வண்டி எடையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மேலே போய்ச் சேர எழுநூறு எண்ணூறு கலோரி கரையும். பாக்ஸிங் அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்டது. ஜனவரியில் மாவட்ட அளவில் ஒரு அமெச்சூர் போட்டி வருகிறது, இறங்கிப் பார் என்று மாஸ்டர் சொன்னதும் சரி என்றுவிட்டேன். மூன்று ரவுண்டு, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், நடுவே ஒரு நிமிட ஓய்வு. மலையில் ஒன்றே முக்கால் மணி நேரம் மூச்சுப் பிடித்து ஏறுகிறவனுக்கு ஒன்பது நிமிடம் எம்மாத்திரம் என்றுதான் நினைத்தேன்.

முதல் ஸ்பாரிங்கில் இரண்டாவது நிமிடமே கை கீழே இறங்கிவிட்டது. மலை ஏறும்போது இதயம் ஒரே கதியில் நிற்கும். நூற்றைம்பது என்றால் வளைவுக்கு வளைவு அதே நூற்றைம்பது. ரிங்கில் அப்படி இல்லை. பாய்ந்து நாலு குத்து, பின்வாங்கல், மறுபடியும் பாய்ச்சல். அடி விழும் என்று தெரிந்ததும் நம்மை அறியாமலே மூச்சை அடக்கிக்கொள்வோம். தோளுக்கோ இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கவே தனியாக உரம் வேண்டும். அது பெடல் மிதித்து வருவதில்லை. போதாக்குறைக்கு, மலை ஏறிய மறுநாள் கெண்டைக்கால் கல்லாகக் கிடக்கும். "தம்பி, கால் நட்டு வச்ச மாதிரி நிக்குது, அசையவே மாட்டேங்குது" என்பார் மாஸ்டர்.

எடை விஷயத்தில் இரண்டும் ஒத்துப்போவதாகத் தோன்றியதுதான் பெரிய ஏமாற்றம். நான் 68 கிலோ. 65 கிலோ பிரிவுக்கு இறங்கினால் ரிங்கில் எதிராளி என் அளவில் இருப்பான், மலையும் லேசாகும். ராத்திரி சாப்பாட்டைப் பாதியாக்கினேன். அக்டோபர், நவம்பர் எங்களுக்கு டெங்கு சீசன். பிளேட்லெட் பார்க்க ஊதா மூடிக் குழாய்கள் ட்ரே ட்ரேயாக வந்து குவியும், தண்ணீர் குடிக்கக்கூட எழ முடியாது. ஒரு நாள் தலை சுற்றியது. முறையாகச் சீட்டுப் போட்டு, பில் கட்டி, என் ரத்தத்தையே மெஷினில் ஓட்டினேன். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று காட்டும் பி.சி.வி. 50-ஐத் தாண்டியிருந்தது. உடம்பில் நீர் வற்றி ரத்தம் கெட்டியாகிவிட்டால் அப்படித்தான் ஏறும். தசை உடைந்தால் ரத்தத்தில் கலக்கும் என்சைம் சி.கே.; 200-க்குள் இருக்க வேண்டிய அது இரண்டாயிரத்தைத் தாண்டி நின்றது. ஈரலிலும் தசையிலும் இருக்கும் எஸ்.ஜி.ஓ.டி. என்ற என்சைமும் கூடியிருந்தது. சீனியர் அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். "வெளியாளா இருந்தா ஈரல்ல கோளாறான்னு கேட்டிருப்பேன். இது அத்தனையும் உன் தசை உடைஞ்சு வந்தது. ஒழுங்கா சாப்பிட்டுத் தூங்குடா" என்றார்.

தினமும் ஊரார் ரிப்போர்ட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனபோது உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. 65-ஐ அன்றோடு விட்டேன். 70 கிலோ பிரிவில், என் 68 கிலோவோடே இறங்குகிறேன் என்று மாஸ்டரிடம் சொன்னேன். எதிராளிக்குக் கை நீளம் கூடுதலாக இருக்கும் என்றார். இருக்கட்டும் என்றேன்.

நைட் டூட்டியில் சாம்பிள் வராத ஒரு மூன்று மணிக்கு, ராபர்ட் ஹிக்சன் 1980-ல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். வலுப் பயிற்சி மட்டும் செய்தவர்கள், தாங்குதிறன் பயிற்சி மட்டும் செய்தவர்கள், இரண்டையும் செய்தவர்கள் என்று மூன்று குழு, பத்து வாரம். இரண்டையும் செய்தவர்களுக்கு ஏழு வாரம் வரை வலு ஏறியது, அப்புறம் நின்றது, கடைசி இரண்டு வாரத்தில் இறங்கவே செய்தது. என் நோட்டைப் புரட்டினேன். எட்டாவது வாரத்தில்தான், நான் குத்துவதற்காக மாஸ்டர் கையில் பிடிக்கும் பேடைக் காட்டி, "பேட்ல சத்தமே வரலை" என்று அவர் சொன்னதாக எழுதி வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஷிப்ட் சார்ட்டை முதலில் பார்த்துவிட்டுத்தான் பயிற்சியை எழுதினேன். நைட் டூட்டி வாரத்தில் பகல் தூக்கம் எப்படியும் அரைகுறைதான். அந்த வாரம் ஸ்பாரிங் கிடையாது, கயிறு தாண்டுவதும் நிழல் குத்தும் மட்டும். காலை டூட்டி வாரத்தில் மறுநாள் ரத்தம் எடுக்கும் முறை எனக்கு இல்லாத நாளாகப் பார்த்து ஸ்பாரிங். 16 அவுன்ஸ் க்ளவுஸ் வாங்கினேன். முட்டிக்கு மேல் மூன்று சுற்றுக் கூடுதலாகத் துணி சுற்ற மாஸ்டர் கற்றுக்கொடுத்தார்.

மலையை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. கடைசி ஆறு வாரமும் ஞாயிறு காலையில் அடிவாரம் வரை போய்த் திரும்பிவிடுவேன். மேலே மேகம் இறங்கி நிற்கும். என்னோடு வந்தவர்கள் முதல் வளைவில் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். முதல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறும். ஒரு முறைகூட, பாதி தூரமாவது போய் வரலாம் என்று ஏறவில்லை. இந்த மூன்று மாதத்தில் நான் செய்ததில் எனக்குப் பெருமையானது அதுதான்.

போட்டியில் தோற்றேன். மூன்று ரவுண்டும் நின்று, புள்ளியில் தோற்றேன். "கடைசி ரவுண்டுல அவனுக்கு மூச்சு இல்லை, உனக்கு இருந்துச்சு. அப்ப ஏன் உள்ள போகலை?" என்று மாஸ்டர் கேட்டார். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு மலை ஏறினேன். இடது கண்ணுக்குக் கீழே பச்சை இன்னும் கலையவில்லை. ஏரிக்கரையில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு மிளகாய் பஜ்ஜி வாங்கினேன். மதியம் இரண்டு மணிக்கு டூட்டி இருந்தது.